சாய்ந்து விழும் எக்ஸ்ரே: டிஜிட்டல் டிடெக்டரில் கூர்மை எவ்வளவு குறைகிறது, கணக்கிட்டு அளந்து பார்ப்பது எப்படி

குதிகால் எலும்புக்கு ஆக்ஸியல் படம் எடுக்க ட்யூபை 40 டிகிரி சாய்க்கிறோம், எக்ஸ்ரேயைப் படமாக மாற்றும் டிடெக்டர் பேனல் மட்டமாகவே கிடக்கிறது. மண்டைக்கான டவுன்ஸ் படத்தில் 30 டிகிரி. காறை எலும்புக்கு 15 முதல் 30 வரை. வந்த படத்தில் எலும்பின் நுண்கோடுகள் மழுங்கியிருந்தால் நோயாளி அசைந்துவிட்டார், ஃபோக்கல் ஸ்பாட் (ட்யூபில் எக்ஸ்ரே பிறக்கும் புள்ளி) பெரிது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறோம். அந்த இரண்டும் காரணமாக இருக்கலாம்தான். ஆனால் டிடெக்டரின் தடிமனுக்குள்ளேயே மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, மென்பொருளாலும் அதை உண்மையில் சரிசெய்ய முடியாது. ரேடியோகிராபி, மெடிக்கல் பிசிக்ஸ் படிப்பவர்களும் தரச்சோதனை செய்பவர்களும் தாங்களே கணக்கிட்டு அளந்து பார்க்கிற அளவுக்கு இதை விரிவாக எழுதுகிறேன்.

உள்ளே நடப்பது என்ன

டிடெக்டரை நாம் ஒரு தாள் போல நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் எக்ஸ்ரேயைப் பிடிக்கும் அடுக்குக்குக் கணிசமான தடிமன் உண்டு. பொது எக்ஸ்ரே பேனல்களில் சீசியம் அயோடைடு அடுக்கு 500, 600 மைக்ரான் வரை இருக்கும். மேமோகிராபிக்கான (மார்பக எக்ஸ்ரே) அமார்ஃபஸ் செலினியம் 200 மைக்ரான் சுற்றில் இருக்கும், பொது எக்ஸ்ரேக்கான செலினியம் 500 முதல் 1000 வரை போகும். பிக்சலின் அகலமோ மேமோவில் 70, 85, 100 மைக்ரான், பொது பேனல்களில் பெரும்பாலும் 140 முதல் 200 மைக்ரான். அதாவது பிக்சலின் அகலத்தைவிட அடுக்கின் ஆழம் பல மடங்கு அதிகம்.

மடித்த போர்வையில் ஊசியைச் சாய்த்துக் குத்தினால் மேல் மடிப்பில் ஓரிடத்திலும் அடி மடிப்பில் தள்ளி வேறிடத்திலும் ஓட்டை விழும். இங்கேயும் அதேதான். ஒரே புள்ளியில் நுழைகிற எக்ஸ்ரே ஃபோட்டான்களில் சில மேற்பரப்பருகே உறிஞ்சப்படும், சில ஆழத்துக்குப் போய் உறிஞ்சப்படும். கதிர் செங்குத்தாக வந்தால் இரண்டும் ஒரே பிக்சலில் பதியும். சாய்ந்து வந்தால் ஆழத்தில் நின்றவை பக்கத்துப் பிக்சல்களில் பதியும். இந்தப் பக்கவாட்டு நகர்வைச் சறுக்கல் என்று வைத்துக்கொள்வோம்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சறுக்கல் ஒரு பக்கமாக மட்டும்தான் நடக்கும், ட்யூப் இருக்கும் பக்கத்திலிருந்து விலகி. சாய்வுக்குக் குறுக்கான திசையில் கூர்மை ஏறக்குறைய அப்படியே இருக்கும். அப்புறம், மேற்பரப்பருகே நிறைய ஃபோட்டான்கள் நின்றுவிடுவதால் மங்கல் சமமாகப் பரவாது, தொடக்கத்தில் செங்குத்தான உச்சியும் பிறகு நீண்ட வாலுமாக இருக்கும். அமார்ஃபஸ் செலினியத்துக்கு இந்த வடிவத்தையும் அதனால் வரும் கூர்மை இழப்பையும் க்வே, ரோலண்ட்ஸ் என்ற இருவர் 1995இலேயே கணித்துக் காட்டிவிட்டார்கள்.

படி 1: உங்கள் கோணம் எவ்வளவு?

ட்யூபைச் சாய்க்காவிட்டாலும் படத்தின் ஓரத்தில் கோணம் இருக்கிறது, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 43 செ.மீ. பேனலை 100 செ.மீ. தூரத்தில் வைத்தால் ஓரத்தின் நடுவில் கதிர் சுமார் 12 டிகிரியிலும் மூலையில் சுமார் 17 டிகிரியிலும் விழும். 180 செ.மீ. தூரத்தில் நெஞ்சுப் படம் எடுத்தால் அதே ஓரம் 7 டிகிரிக்கும் கீழே, மூலை 10 டிகிரிக்கும் கீழே. வழி எளிது: மையக்கதிர் விழும் இடத்திலிருந்து நீங்கள் பார்க்கும் இடம் வரை உள்ள தூரத்தை ட்யூப் தூரத்தால் வகுத்து, அதன் டேன் தலைகீழியை எடுங்கள். ட்யூபையும் சாய்த்திருந்தால் பேனலின் ஒரு பாதியில் இந்தக் கோணம் கூடும், மறு பாதியில் கழியும். அதனால்தான் சாய்த்து எடுத்த படத்தில் ஒரு முனை மறுமுனையைவிட மழுங்கலாகத் தெரியலாம்.

படி 2: சறுக்கலைக் கணக்கிடுங்கள்

அதிகபட்ச சறுக்கல் = தடிமன் × டேன்(கோணம்). 600 மைக்ரான் அடுக்கில் 12 டிகிரிக்கு சுமார் 128 மைக்ரான், 30 டிகிரிக்கு 346, 40 டிகிரிக்கு 503. இந்த எண்களைப் பார்த்ததும் பயம் வரும். அத்தோடு நிறுத்திவிட்டால் பாதிப்பைப் பெரிதாக்கிச் சொன்னதாகிவிடும், ஏனென்றால் அவ்வளவு ஆழம் வரை போகிற ஃபோட்டான்கள் கொஞ்சம்தான்.

எனவே இன்னோர் எண் தேவை: ஃபோட்டான்களின் எண்ணிக்கை 37 சதவீதமாகக் குறையும் ஆழம். இதை ஊடுருவல் ஆழம் என்போம். செலினியத்தில் 20 கே.இ.வி. ஆற்றலுக்கு இது சுமார் 50 மைக்ரான், 60 கே.இ.வி.க்கு ஏறக்குறைய 1 மி.மீ. இருபது மடங்கு வித்தியாசம்! ஒரே பொருள்தான், ஆனால் மேமோவில் மேல்தோலிலேயே வேலை முடிந்துவிடுகிறது, பொது எக்ஸ்ரேயில் முழு ஆழமும் சம்பந்தப்படுகிறது. ஊசி வடிவப் படிகங்களாக வளர்த்த சீசியம் அயோடைடில், இடையிலுள்ள காற்று இடைவெளியையும் சேர்த்து, 50 கே.இ.வி. சுற்றில் 250 மைக்ரான் என்றும் 40 கே.இ.வி. சுற்றில் 125 மைக்ரான் என்றும் தோராயமாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுக்கு நன்றாகத் தடித்து, பெரும்பாலான ஃபோட்டான்கள் உள்ளேயே நின்றுவிட்டால், சராசரி சறுக்கல் = ஊடுருவல் ஆழம் × சைன்(கோணம்). 200 மைக்ரான் செலினியம், 20 கே.இ.வி., 25 டிகிரி என்றால் சுமார் 21 மைக்ரான்தான். அதிகபட்ச சறுக்கலான 93 மைக்ரானோடு ஒப்பிட்டால் எவ்வளவு குறைவு பாருங்கள்.

படி 3: சறுக்கலை எம்.டி.எஃப்.-ஆக மாற்றுவது

ஒரு நுண்விவரத்தின் கருப்பு-வெள்ளை வேறுபாட்டில் எவ்வளவு பங்கு படத்தில் தங்குகிறது என்று சொல்லும் எண்தான் எம்.டி.எஃப்., 1 என்றால் முழுதும் தங்குகிறது. நுண்மையை மி.மீ.க்கு எத்தனை லைன் பேர், அதாவது எத்தனை கருப்பு-வெள்ளைக் கோட்டு ஜோடி, என்று அளப்போம், கணக்கில் வரும் அதிர்வெண் அதுதான். இதைக் கணக்கிட எக்செல் போதும். அடுக்கை 10 மைக்ரான் படலங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படலத்துக்கும் ஒரு வரிசை. முதல் நிரலில் ஆழம்: 5, 15, 25 என்று 595 வரை. இரண்டாவதில் எடை: ஆழத்தை (ஊடுருவல் ஆழம் × காஸ் கோணம்) என்பதால் வகுத்து, எதிர்க்குறி போட்டு, எக்ஸ்பொனென்ஷியல் எடுங்கள். மூன்றாவதில் சறுக்கல்: ஆழம் × டேன் கோணம், மைக்ரானிலிருந்து மி.மீ.க்கு மாற்றி. நான்காவதில் எடை × காஸ்(2 × பை × அதிர்வெண் × சறுக்கல்), ஐந்தாவதில் அதையே சைனுக்கு. நான்காவது நிரலின் கூட்டுத்தொகையையும் ஐந்தாவதன் கூட்டுத்தொகையையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, எடைகளின் மொத்தத்தால் வகுத்தால் சாய்வால் மட்டும் வரும் எம்.டி.எஃப். கிடைக்கும். எக்செல் கோணத்தை ரேடியனில்தான் வாங்கும், டிகிரியை அப்படியே போட்டால் அர்த்தமில்லாத எண் வரும்.

600 மைக்ரான் சீசியம் அயோடைடு, ஊடுருவல் ஆழம் 250 மைக்ரான், மி.மீ.க்கு 2 லைன் பேர் என்று போட்டால் வருவது: 12 டிகிரிக்கு 0.92, 30 டிகிரிக்கு 0.59, 40 டிகிரிக்கு 0.44. எல்லா ஆழத்திலும் சமமாக உறிஞ்சப்படுகிறது என்று வைத்துக் கணக்கிட்டிருந்தால் 30 டிகிரிக்கு 0.38 வந்திருக்கும், அது மிகையானது. இப்போது ஊடுருவல் ஆழத்தை 125 மைக்ரானாக மாற்றிப் பாருங்கள், 40 டிகிரியின் 0.44 உடனே 0.70 ஆகிவிடும். கே.வி.யை, அதாவது ட்யூபின் மின்னழுத்தத்தை, குறைத்தால் சாய்வு மங்கல் குறையும் என்பதை இந்த ஒரு வரி கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

இந்த எண்ணைத் தனியாக வைத்து முடிவுக்கு வராதீர்கள். அது பெருக்கப்பட வேண்டிய ஒரு காரணி, அவ்வளவுதான். தடித்த சீசியம் அயோடைடு பேனலில் மி.மீ.க்கு 2 லைன் பேரில் எம்.டி.எஃப். செங்குத்துக் கதிரிலேயே மூன்றில் ஒரு பங்கு சுற்றில்தான் இருக்கும், ஏனென்றால் ஒளி படிகத்துக்குள் பரவுகிறது. அதை 0.92-ஆல் பெருக்கினால் யார் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. 0.59-ஆல் பெருக்கினால் தெரியும். கடோலினியம் ஆக்ஸிசல்ஃபைடு பொடித் திரை உள்ள பேனலில் ஒளிப் பரவலே ஆதிக்கம் செலுத்துவதால் சாய்வின் பங்கு இன்னும் அமுங்கிப் போகும். செலினியத்தில் ஒளி என்ற இடைத்தரகர் இல்லை, மின்னூட்டம் நேராக மின்முனைக்கு இழுக்கப்படுகிறது, அடிப்படைக் கூர்மை அதிகம். ஆகவே அங்கே சாய்வின் இழப்பு அப்பட்டமாகத் தெரியும்.

படி 4: இரைச்சல், இங்கேதான் உண்மையான நஷ்டம்

இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். ஒளி பரவுவதால் வரும் மங்கல் படத்தின் விளிம்புகளை மழுக்கும்போது இரைச்சலையும் சேர்த்து மழுக்குகிறது. சாய்வால் வரும் மங்கல் அப்படியல்ல. ஒவ்வொரு ஃபோட்டானும் ஏதோ ஓர் ஆழத்தில், ஒரே இடத்தில்தான் நிற்கிறது. எந்த ஃபோட்டான் எங்கே நின்றது என்பது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதது. அதனால் பொடிப்பொடியான இரைச்சல் முன்பிருந்த அதே கூர்மையோடு இருக்கும், எலும்பின் விளிம்பு மட்டும் பரவிப்போகும்.

விளைவு என்ன? டி.க்யூ.இ., அதாவது வாங்கிய டோஸை டிடெக்டர் எவ்வளவு பயனுள்ளதாக்குகிறது என்ற அளவு, படி 3இல் வந்த காரணியின் வர்க்கத்தால் விழும். 0.59-ன் வர்க்கம் 0.35. மி.மீ.க்கு 2 லைன் பேர் அளவிலான நுண்விவரத்துக்கு, 30 டிகிரியில், டிடெக்டர் செங்குத்துக் கதிரில் பயனுள்ளதாக்கும் டோஸில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பயனுள்ளதாக்குகிறது. சாய்ந்த கதிர் அடுக்குக்குள் நீண்ட தூரம் பயணிப்பதால் உறிஞ்சல் சற்றுக் கூடும் என்பது உண்மை. 600 மைக்ரானில் செங்குத்தாக 91 சதவீதம் என்றால் 40 டிகிரியில் 96. இந்த 5 சதவீதம் அந்த இழப்பை ஈடுகட்டாது.

எட்ஜ் என்ஹான்ஸ்மென்ட்டைக் கூட்டினால் படம் கூர்மையானது போல் தோன்றும், ஆனால் அதே விகிதத்தில் இரைச்சலும் எழும்பும், ஏனென்றால் இரைச்சல் மழுங்கவே இல்லையே. நோயாளிக்குக் கொடுத்த டோஸ் வீணாகிறது என்று சொல்லும் இடம் இது. அதனால்தான் படம் எடுக்கும்போதே கோணத்தைக் கவனிக்க வேண்டும், பிறகு மானிட்டரில் அல்ல.

படி 5: அளந்து பார்ப்பது

வழக்கமான முறை தெரிந்திருக்கும்: ஐ.இ.சி. 62220-1 என்ற சர்வதேசத் தரநிலை சொல்கிற மாதிரி 1 மி.மீ. டங்ஸ்டன் தகட்டின் விளிம்பைப் பிக்சல் வரிசைக்கு 1.5 முதல் 3 டிகிரி சாய்த்து வைத்து, ஆர்.க்யூ.ஏ. 5 கதிரில், அதாவது 70 கே.வி. சுற்றில் 21 மி.மீ. அலுமினிய ஃபில்டரோடு, 1.5 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் படமெடுப்பது. அந்த 1.5 முதல் 3 டிகிரி பேனலின் தளத்துக்குள் நடக்கும் சாய்வு. நாம் பேசிக்கொண்டிருக்கும் கதிர்ச் சாய்வு வேறு. குறிப்பேட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு எழுதுங்கள்.

ட்யூபைச் சாய்ப்பதைவிட பேனலைச் சாய்ப்பது நல்லது. ட்யூப் நிலையாக இருந்தால் ஃபோக்கல் ஸ்பாட், ஹீல் எஃபெக்ட் (ட்யூபின் ஒரு பக்கம் கதிர் பலவீனமாவது), தூரம் எதுவும் மாறாது. ஆப்பு வடிவத் தாங்கியில் பேனலை நழுவாதபடி வையுங்கள், டிஜிட்டல் இன்க்ளினோமீட்டரால் கோணத்தை அளவிடுங்கள். 30 டிகிரியில் 2 டிகிரி தவறினால் டேன் மதிப்பு 8 சதவீதம் மாறிவிடும், கண்மதிப்பு போதாது. சிதறிய கதிரைத் தடுக்கும் கிரிட்டைக் கழற்றிவிடுங்கள். அறைக் கதவு மூடியிருக்க வேண்டும், டி.எல்.டி. (டோஸ் அளக்கும் பேட்ஜ்) அணிந்திருக்க வேண்டும், வழக்கமான பாதுகாப்பு எதையும் விடவேண்டாம்.

தகட்டைப் பேனல் மேல் ஒட்டினால் எல்லாம் கெட்டுவிடும். காரணம் இது: தகடும் ஒரு தடித்த பொருள்தான். அதைப் பேனலோடு சேர்த்துச் சாய்த்தால் கதிர் தகட்டின் விளிம்பு முகத்தைக் குறுக்காக வெட்டும், டங்ஸ்டனுக்குள் கதிர் கடக்கும் தூரம் பூஜ்யத்திலிருந்து படிப்படியாகக் கூடும். 50 கே.இ.வி.யில் டங்ஸ்டனின் ஊடுருவல் ஆழம் 90 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு, 30 டிகிரியில் அதன் பங்கு 40 மைக்ரானுக்கு மேல் வரும். டிடெக்டரின் வாலும் எக்ஸ்பொனென்ஷியல், இதுவும் எக்ஸ்பொனென்ஷியல். பார்த்துப் பிரித்தறிய முடியாது. 20 கே.இ.வி. மேமோ கதிரில் டங்ஸ்டன் மிக நன்றாக மறைப்பதால் 0.1 மி.மீ. தகட்டில் இந்தப் பிழை 3, 4 மைக்ரானுக்குள் அடங்கிவிடும், அங்கே ஒட்டி வைத்தாலும் பாதகமில்லை.

பொது எக்ஸ்ரேயில் தகட்டைத் தனித் தாங்கியில், கதிருக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். அளவிட வேண்டிய விளிம்பு பேனல் சாயும் அச்சுக்கு இணையாக, அந்த 2 டிகிரி வித்தியாசம் தவிர, பேனலை ஏறக்குறைய தொட்டபடி இருக்கட்டும். அப்படி வைத்தால் விளிம்பு முழுவதும் பேனலிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கும். இடைவெளி 5 செ.மீ. ஆனாலும், 150 செ.மீ. தூரத்தில் 0.6 மி.மீ. ஃபோக்கல் ஸ்பாட்டால் வரும் மங்கல் 20 மைக்ரான் சுற்றில்தான்.

0, 20, 40 டிகிரி என்று எடுங்கள். ஒவ்வொரு கோணத்திலும் தகடு இல்லாத ஒரு படமும் வேண்டும், விளிம்புப் படத்தை அதனால் வகுக்க. பேனலின் கெயின் கேலிப்ரேஷன் (பிக்சல்களின் பிரகாசத்தைச் சமப்படுத்துவது) செங்குத்துக் கதிரில் செய்யப்பட்டது, சாய்த்தால் ட்யூபுக்கு அருகில் இருக்கும் பக்கம் பிரகாசமாகும், அந்தச் சரிவை நீக்காவிட்டால் எம்.டி.எஃப். வளைகோடு குறைந்த அதிர்வெண்ணிலேயே கோணலாகும். டைகாமில் (மருத்துவப் படக் கோப்பு வடிவம்) ஃபார் ப்ராசஸிங் என்று குறிக்கப்பட்ட படத்தை மட்டும் எடுங்கள், ஃபார் ப்ரசன்டேஷன் படத்தில் கம்பெனி மென்பொருள் விளிம்பை ஏற்கெனவே தீட்டிவிட்டிருக்கும்.

படி 6: வாலைப் படிப்பது

விளிம்புப் படத்தை 0.1 பிக்சல் இடைவெளியில் அடுக்கி வகையிட்டால் லைன் ஸ்ப்ரெட் வடிவம், அதாவது ஒரு மெல்லிய கோடு எப்படிப் பரவுகிறது என்ற வளைகோடு, கிடைக்கும். 0 டிகிரியில் அது இரு பக்கமும் ஒத்திருக்கும். 40 டிகிரியில் ட்யூபுக்கு எதிர்ப்பக்கம் வால் நீள வேண்டும். சில மென்பொருள்கள் இரு பக்கத்தையும் சராசரியாக்கி ஒத்ததாக்கிவிடும், சில காஸியன் வளைகோட்டைப் பொருத்தும். இரண்டையும் அணைத்துவிடுங்கள், நாம் தேடிவந்த விஷயமே அந்த வாலில்தான் இருக்கிறது.

வாலை லாக் அளவுகோலில் வரைந்தால் நேர்க்கோடு போல வரும். அதன் நீளம், முன்பு சொன்ன ஊடுருவல் ஆழம் × சைன்(கோணம்). 20, 40 டிகிரிகளில் கிடைக்கும் நீளங்களின் விகிதம் சுமார் 1.9 வர வேண்டும். பிறகு பேனலை எதிர்ப்பக்கமாக அதே கோணத்துக்குச் சாய்த்து ஒரு படம் எடுங்கள், தகட்டைத் தொடாமல். வால் பக்கம் மாறினால் அது டிடெக்டருடையது. அதே பக்கம் நின்றால் தகடு கதிருக்குச் செங்குத்தாக இல்லை, திரும்ப வையுங்கள். எண்களை நம்புவதற்கு முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யச் சொல்வேன்.

சாய்வு எம்.டி.எஃப்.பை 0 டிகிரி எம்.டி.எஃப்.பால் வகுத்தால் பிக்சல், ஒளிப் பரவல் எல்லாம் ஏறக்குறைய அடிபட்டுப்போய், எக்செலில் கணக்கிட்ட காரணியோடு நேரடியாக ஒப்பிடத்தக்க எண் வரும். அச்சு அசலாகப் பொருந்தாது. கதிரில் பல ஆற்றல்கள் கலந்திருக்கின்றன, அயோடினும் சீசியமும் வெளிவிடும் கே-ஃப்ளோரசன்ஸ் எனும் இரண்டாம்கட்ட எக்ஸ்ரே சற்றுத் தள்ளிப் போய் உறிஞ்சப்படுகிறது, அடி ஆழத்தில் பிறந்த ஒளி போட்டோடயோடுக்கு அருகில் இருப்பதால் மேலே பிறந்த ஒளியைவிடக் கூர்மையாகப் பதிகிறது. இன்னொன்று: பேனலின் தளத்தில் அளந்த அதிர்வெண்ணும் பொருளின் அதிர்வெண்ணும் ஒன்றல்ல. 40 டிகிரியில் நிழல் ஒரு திசையில் 1.3 மடங்கு நீளும், அதாவது பொருளில் மி.மீ.க்கு 2 லைன் பேர் என்பது பேனலில் 1.53. இழப்பின் ஒரு பகுதி இதில் திரும்பக் கிடைக்கிறது.

படி 7: எங்கே கவலைப்பட வேண்டும், என்ன செய்யலாம்

சாதாரண நெஞ்சுப் படத்துக்கு இதை விட்டுவிடுங்கள். மேமோ டோமோசிந்தசிஸில் (ட்யூப் வில்போல நகர்ந்து பல கோணங்களில் எடுப்பது) கருவியைப் பொறுத்தது. ஹோலாஜிக்கின் 15 டிகிரி வீச்சில், அதாவது இருபுறமும் 7.5, இழப்பு 2 சதவீதத்தைத் தாண்டாது. சீமென்ஸின் 50 டிகிரி வீச்சில் கடைசிப் படங்கள் சுமார் 25 டிகிரியில் விழுகின்றன, மேலே சொன்ன 21 மைக்ரான் சறுக்கலுக்கு மி.மீ.க்கு 5 லைன் பேரில் காரணி சுமார் 0.85. நுண்கால்சிய மணிகளைத் தேடும் இடத்தில் இது பொருட்படுத்த வேண்டியது. ட்யூப் நிற்காமல் நகரும் கருவிகளில் நகர்வால் வரும் மங்கலும் இதே திசையில்தான் விழும், அதைப் பிரிக்காமல் பழியை டிடெக்டர்மேல் போடக்கூடாது.

குதிகால், காறை எலும்பு போன்ற படங்களில் வயர்லெஸ் பேனல் இருந்தால், முடிந்தவரை ஸ்பாஞ்ச் ஆப்பில் பேனலையும் கதிரை நோக்கிச் சாய்த்து வையுங்கள். எந்த எலும்பு எதன்மேல் விழுகிறது என்பதை ட்யூபும் உடலும்தான் முடிவு செய்கின்றன, பேனலின் சாய்வு அதை மாற்றாது. நீளும் விகிதம் மட்டும் மாறும். அதனால் முறிவைச் சரிபார்க்கத் தொடர்ந்து எடுக்கும் படங்களில் ஒரே ஆப்பை, ஒரே கோணத்தில் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் போன வாரத்து அளவோடு ஒப்பிட முடியாது. பேனலை முழு 40 டிகிரிக்கும் கொண்டுவர இடமில்லையா, 20 டிகிரி கொண்டுவந்தாலே சறுக்கல் ஏறக்குறைய பாதியாகிவிடும். சாய்க்கவே முடியாத டேபிள் பேனலில், உடல் பருமன் இடம் கொடுக்கும் வரை கே.வி.யைக் கொஞ்சம் இறக்குங்கள், பார்க்க வேண்டிய பகுதியைப் பேனலில் ட்யூபுக்கு அருகிலான பக்கமாக விழவைத்து எடுங்கள், அங்கே கதிரின் கோணம் சில டிகிரி குறைவு.